கான்கிரீட்டுக்கு மாற்று உண்டா? கடலோரத்தில் வீடு கட்டுபவருக்கு ஒரு பதில்

கடலூருக்கு வடக்கே, கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில், தரைத்தளமும் முதல் தளமுமாக 1,000 சதுர அடியில் வீடு கட்டப் போவதாக எழுதியிருந்தீர்கள். சிமெண்ட்டால் சுற்றுச்சூழலுக்கு நேரும் கேட்டைப் படித்த பிறகு, கான்கிரீட்டே இல்லாமல் கட்ட முடியுமா என்ற எண்ணம் வந்திருக்கிறது. ஜியோபாலிமர், மண் கல், சுண்ணாம்பு ஆகிய மூன்றில் எது மெய்யான மாற்று என்று கேட்கிறீர்கள். உங்கள் மேஸ்திரியோ 53 கிரேடு என்னும் கலப்பில்லாத சாதாரண சிமெண்ட்டைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்கிறார். கட்டுமானப் பொருள்களைச் சோதித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கான்கிரீட்டை அடியோடு நீக்கிவிட்டு அதன் இடத்தில் அப்படியே வைக்கக்கூடிய ஒரே பொருள் எதுவும் இல்லை. ஆனால் கேடு கான்கிரீட் முழுவதிலும் பரவிக் கிடக்கவில்லை. ஜல்லியாலும் மணலாலும் வரும் கரியமில வாயு மிகச் சிறிது. பெரும்பங்கு சிமெண்ட்டிலிருந்தும், சிமெண்ட்டுக்குள் கிளிங்கர் என்னும் ஒரே பொருளிலிருந்தும் வருகிறது. ஆகவே கிளிங்கரை எங்கே குறைக்கலாம், எங்கே அது தேவையே இல்லை என்று பார்ப்பதுதான் மாற்றைத் தேடும் சரியான வழி என்பது என் கருத்து.

கிளிங்கர் எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் இது விளங்கும். சுண்ணாம்புக்கல்லையும் சிறிது களிமண்ணையும் அரைத்துச் சுழலும் உலையில் ஏறத்தாழ 1,450 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். கரும்பச்சையும் சாம்பல் நிறமும் கலந்த உருண்டைகளாக வெளியே வருவதுதான் கிளிங்கர். அதை ஜிப்சத்தோடு அரைத்தால் சிமெண்ட். 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற ஆங்கிலேயக் கொத்தனார் போர்ட்லேண்ட் சிமெண்ட்டுக்குக் காப்புரிமை பெற்ற காலம் தொட்டு எரிபொருளும் உலையும் எவ்வளவோ மாறிவிட்டன, ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை, மாறவும் முடியாது. சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட் ஆதலால், அதன் எடையில் 44 விழுக்காடு கரியமில வாயுவாகக் கல்லுக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கிறது. உலையில் அது விடுபடுகிறது. ஒரு டன் கிளிங்கருக்கு இவ்வாறு அரை டன்னுக்குச் சற்று மேலான வாயு வெளியேற, எரிபொருளின் பங்கும் சேர்ந்து மொத்தம் 800 கிலோவைத் தாண்டுகிறது. உலையைச் சூரிய ஒளியிலேயே எரித்தாலும் முதல் பகுதி குறையாது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட்டினால் என்று சொல்வதன் அடிப்படை இதுவே.

உங்கள் வீட்டுக்கு வருவோம். சதுர அடிக்கு 0.4 மூட்டை என்ற வழக்கமான கணக்கில் 1,000 சதுர அடிக்கு 400 மூட்டை, அதாவது 20 டன் சிமெண்ட் ஆகும். ஓபிசி எனப்படும் சாதாரண சிமெண்ட்டில் ஏறத்தாழ 95 விழுக்காடு கிளிங்கர் இருப்பதால், 53 கிரேடு மட்டுமே வாங்கினால் 16 டன் அளவுக்குக் கரியமில வாயு உங்கள் வீட்டுக் கணக்கில் ஏறும். 30 விழுக்காடு நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி என்னும் சிமெண்ட்டை வாங்கினால் அது ஏறத்தாழ 11 டன்னாக இறங்கும். சிமெண்ட் மூட்டையை மாற்றுவது ஒன்றினாலேயே, கூடுதல் செலவில்லாமல், மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்த பின் கிடைக்கும் நுண்ணிய சாம்பலை ஃபிளை ஆஷ் என்கிறோம். இந்தியத் தர விதிப்படி பிபிசி சிமெண்ட்டில் இதை 15 முதல் 35 விழுக்காடு வரை சேர்க்கலாம். சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது உபரியாக வெளிப்படும் சுண்ணாம்பைச் சாம்பல் பிடித்துக்கொண்டு மேலும் பசையாக மாறுகிறது. அதனால் கான்கிரீட்டின் நுண்துளைகள் அடைபடுகின்றன. இந்த வேலை மெதுவாக நடப்பதுதான் உங்கள் மேஸ்திரியின் மனத்தாங்கலுக்குக் காரணம். பிபிசி போட்டால் சீக்கிரம் இறுகவில்லை, தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரிக்கத் தாமதமாகிறது, மேல்பூச்சில் நூல் விரிசல் வருகிறது என்று கொத்தனார்கள் சொல்வதில் பொய்யில்லை. சோதனைக் கூடத்தில் ஒரே விகிதத்தில் வார்த்த இரண்டு வகைக் கட்டிகளையும் ஏழாம் நாள் அழுத்திப் பார்த்தால், சாம்பல் கலந்த கட்டி முதலில் நொறுங்கும். 28-ஆம் நாள் இரண்டும் நெருங்கி வரும். 90-ஆம் நாள் பெரும்பாலும் சாம்பல் கட்டி முந்தியிருக்கும். ஆனால் இந்த முடிவு, கட்டிகள் இரண்டும் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிக் கிடந்ததால் வந்தது. கட்டடத்தில் மூன்று நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு நிறுத்தினால் சாம்பலின் வேலை பாதியில் நின்றுவிடும். சாதாரண சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பலோ ஸ்லாக் என்னும் இரும்பு உலைக் கசடோ கலந்ததற்குக் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 சொல்வது இதனால்தான். 14 நாள் வைப்பது நல்லது. மேஸ்திரியின் குறை சிமெண்ட்டைப் பற்றியது என்பதைவிட, அவருக்குக் கொடுக்கப்படாத அந்தக் கூடுதல் நாள்களைப் பற்றியது என்றே நான் நினைக்கிறேன்.

இரும்பு ஆலைகளின் ஊது உலையிலிருந்து வரும் கசடே ஸ்லாக். அதை அரைத்துக் கலந்த ஸ்லாக் சிமெண்ட்டில் கிளிங்கர் இன்னும் குறையலாம். விதி 70 விழுக்காடு வரை கசடை அனுமதிக்கிறது. கடலோரத்துக்கு மிகப் பொருத்தமான சிமெண்ட் அது. எனினும், உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி டன் சிமெண்ட் செலவாகும்போது, சாம்பலும் கசடும் அந்த அளவுக்கு ஈடுகொடுக்க மாட்டா. நிலக்கரியைக் கைவிடும் நாடுகளில் சாம்பல் வரத்தே குறைந்து வருகிறது. இந்தியாவில் இன்று ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கு மேல் சாம்பல் கிடைத்தாலும், நிலக்கரியை நம்பியே ஒரு மாற்றை நிலைநிறுத்துவது நெடுங்காலத்துக்கு உகந்ததன்று.

இந்த இடத்தில்தான் எல்சி3 என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் சிமெண்ட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய முயற்சிகளுள் எனக்கு மிகுந்த நம்பிக்கை அளிப்பது இதுவே. சுவிட்சர்லாந்தில் லொசான் நகரத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் கேரன் ஸ்கிரிவனரும், கியூபாவின் சாந்தா கிளாரா நகரப் பல்கலைக்கழகத்தின் பெர்னாண்டோ மார்த்திரேனாவும் தொடங்கிய ஆய்வில் சென்னை, டெல்லி ஐஐடிகளும் பங்கு கொண்டன. சென்னை ஐஐடியில் ரவீந்திர கெட்டு, மனு சந்தானம், ராதாகிருஷ்ண பிள்ளை ஆகியோரின் குழு, இந்தச் சிமெண்ட்டால் ஆன கான்கிரீட் எவ்வளவு காலம் தாங்கும், உள்ளிருக்கும் கம்பியை எப்படிக் காக்கும் என்பதையே முதன்மையாக ஆராய்ந்தது.

ஸ்கிரிவனர் முன்வைக்கும் வாதம் எளியது, மறுக்க முடியாதது. புவியின் மேலோட்டில் 98 விழுக்காடு எட்டே தனிமங்களால் ஆனது. கோடிக்கணக்கான டன் அளவில், எல்லா நாட்டிலும், மலிவாகக் கிடைக்க வேண்டும் என்றால் சிமெண்ட்டை அந்த எட்டிலிருந்துதான் செய்தாக வேண்டும். அவற்றுள்ளும் தண்ணீரோடு சேர்ந்து இறுகும் பசையைத் தருபவை கால்சியம், சிலிக்கான், அலுமினியம் ஆகியவற்றின் சேர்மங்களே. ஆகவே எங்கோ ஓர் அரிய பொருளில் விடை ஒளிந்திருக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும்தான் அந்த அளவுக்கு உலகில் இருக்கின்றன.

எல்சி3-இன் பரவலான விகிதத்தில் 50 விழுக்காடு கிளிங்கர், 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுடாத சுண்ணாம்புக்கல் தூள், 5 விழுக்காடு ஜிப்சம் இருக்கும். களிமண் என்றால் எந்த மண்ணும் ஆகாது. அதில் கயோலின் கனிமம் 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். பீங்கான் தொழிலுக்கு வேண்டிய தூய வெள்ளைக் களிமண்ணும் வேண்டியதில்லை. அந்தச் சுரங்கங்களில் தரம் குறைவென்று குவித்து வைத்திருக்கும் மண்ணே போதும். வெயிலும் மழையும் மிகுந்த வெப்பமண்டல நாடுகளில் பாறை சிதைந்து இவ்வகை மண் ஏராளமாக உண்டாகிறது. குஜராத்தின் கட்ச் பகுதியிலும் கேரளத்திலும் பெரும் படிவுகள் உள்ளன. இதைச் சுடுவதற்கு 700 முதல் 850 டிகிரி போதும். அதைவிட முக்கியமாக, கயோலினைச் சுட்டால் வெளியேறுவது நீராவி, கரியமில வாயு அன்று. எரிபொருள் கணக்கைச் சேர்த்தாலும் சாதாரண சிமெண்ட்டைவிட வெளியேற்றம் 30 முதல் 40 விழுக்காடு குறைவு.

வெறும் சுண்ணாம்புக்கல் தூளை 15 விழுக்காடு கலந்தால் வலிமை குறைய வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். தனியாகக் கலந்தால் குறையத்தான் செய்யும். ஆனால் சுட்ட களிமண்ணிலிருந்து வரும் அலுமினா அந்தத் தூளோடு சேர்ந்து புதிய படிகங்களாக வளர்ந்து துளைகளை நிரப்புகிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்வதால்தான் கிளிங்கர் பாதியாகியும் ஏழாம் நாளிலேயே சாதாரண சிமெண்ட்டுக்கு இணையான வலிமை வருகிறது. பிபிசியைப் பற்றி உங்கள் மேஸ்திரி சொல்லும் குறை இங்கே பெரும்பாலும் எழாது. துளைகள் மிக நுண்ணியவை ஆதலால் உப்பு உள்ளே புகுவது வெகுவாகத் தடைபடுகிறது. கடலோரத்தில் கம்பியைத் தின்பது காற்றிலும் ஈரத்திலும் வரும் குளோரைடு என்பதால், உங்கள் ஊருக்கு இதைவிட ஏற்ற குணம் இல்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. சுட்ட களிமண் தட்டுத் தட்டான நுண்துகள்களால் ஆனது; தண்ணீரை வாரிக் குடிக்கும். முதன்முறை அதை நான் கலந்தபோது, வழக்கமான தண்ணீர் அளவில் கலவை கரண்டியோடு ஒட்டிக்கொண்டு, கவிழ்த்தாலும் விழாமல் நின்றது. சூப்பர் பிளாஸ்டிசைசர் என்ற கலவை மருந்தைச் சிறிது சேர்த்த பிறகுதான் இளகி ஓடியது. தளத்தில் ஆள்கள் மருந்துக்குப் பதிலாகத் தண்ணீரை ஊற்றினால் எல்லா நன்மையும் போய்விடும். இரண்டாவதாக, காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே புகுந்து கம்பியைச் சுற்றியுள்ள காரத்தன்மையைக் குறைப்பது சாதாரண சிமெண்ட்டைவிட இதில் விரைவு. ஆகவே கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட்டின் கனமும் ஈரம் காப்பதும் சற்றும் குறையக் கூடாது. இரும்புச் சத்துள்ள மண்ணைச் சுட்டால் சிமெண்ட் செம்மண் சாயலில் வரும். சாம்பல் நிறமே நல்ல சிமெண்ட் என்று பழகிய நமக்கு அது கலப்படம் போலத் தோன்றும். அது கலப்படம் அன்று.

இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2023-இல் ஐஎஸ் 18189 என்ற எண்ணில் இதற்குத் தனி விதி வெளியிட்டுவிட்டது. ஆனால் சிறு ஊர்க் கடைகளில் மூட்டையாகக் கேட்டவுடன் கிடைக்கும் நிலை இன்னும் வரவில்லை. நீங்கள் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அடித்தளம், தூண், உத்திரம், மேல்தளம் எல்லாவற்றுக்கும் ஸ்லாக் சிமெண்ட், அதுவும் இல்லையேல் பிபிசி.

ஜியோபாலிமரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சாம்பலையும் கசடையும் காஸ்டிக் சோடா, சோடியம் சிலிக்கேட் கரைசல்களால் இறுகச் செய்வது அதன் முறை, கிளிங்கரே தேவையில்லை. 2014-இல் திறக்கப்பட்ட ஆஸ்திரேலியாவின் வெல்கேம்ப் விமான நிலையத்தில் 30,000 கன மீட்டருக்கு மேல் இந்தக் கான்கிரீட்டைப் போட்டிருக்கிறார்கள், ஆகவே இது வெறும் ஆய்வகப் பொருள் அன்று. எனினும் அந்தக் கரைசல் தோலைப் பொசுக்கும். அளவு சற்று மாறினாலும் இறுகும் நேரம் தாறுமாறாகும். தொழிற்சாலையில் வார்க்கும் நடைபாதைக் கல்லுக்கும் முன்வார்ப்புப் பலகைக்கும் அது ஏற்றது. வெறுங்கையால் கலவை அள்ளும் சித்தாள்கள் வேலை செய்யும் வீட்டுத் தளத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சுவருக்குக் கிளிங்கர் அநேகமாகத் தேவையே இல்லை. நீங்கள் சொல்லும் இடத்திலிருந்து ஆரோவில் எட்டும் தூரத்தில் இருக்கிறது. மத்திய அரசின் வீட்டுவசதி நிறுவனமான ஹட்கோவின் உதவியோடு 1989-இல் அங்கே தொடங்கிய புவிக் கட்டடக் கழகம், 5 விழுக்காடு சிமெண்ட் கலந்த மண்ணை ஆரம் என்ற கை அழுத்தப் பொறியில் அழுத்திக் கல்லாக்கும் முறையைப் பல ஆண்டுகளாகக் கற்றுத் தருகிறது. அங்குள்ள பார்வையாளர் மையம் இந்தக் கல்லால் ஆனதே. 1992-இல் அது ஏழைகளுக்கான கட்டடக் கலைக்கு வழங்கப்படும் ஹசன் ஃபாத்தி விருது பெற்றது. சூளை இல்லை, விறகு இல்லை. கல்லை ஈரமாக மூடி 28 நாள் வைத்தால் சுமை தாங்கும் சுவருக்கு ஆகும். அவர்கள் சொல்லும் உகந்த மண் விகிதம் சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 விழுக்காடு. உங்கள் மனை மண் இதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று வீட்டிலேயே உத்தேசமாகப் பார்க்கலாம். மேல்மண்ணை ஓரடி நீக்கிவிட்டு அடியிலிருந்து எடுத்த மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் மணல் அடியில் படியும், பிறகு வண்டல், மறுநாள்தான் களி ஒரு மெல்லிய பட்டையாகத் தெளிவாகும். கடற்கரை மனைகளில் பல வெறும் மணலாக இருக்கும். அப்போது செம்மண்ணை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். அதிலும் உப்புநீர் பட்ட மண் கூடவே கூடாது.

மண் கல் வேண்டாம் என்று வீட்டார் நினைத்தால், செங்கல்லையே எலிப்பொறிக் கட்டு முறையில் அடுக்கலாம். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய முறை இது. கல்லைக் குத்தாக நிறுத்தி இடையில் வெற்றிடம் விட்டு எழுப்புவதால் கல்லும் கலவையும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகின்றன, வெயிலும் உள்ளே இறங்காது.

இன்னொன்றையும் மேஸ்திரியோடு பேசுங்கள். இரண்டு தளம் மட்டுமே உள்ள வீட்டுக்குப் பில்லர் கட்டாயம் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. மண் சோதனையில் தாங்குதிறன் போதுமென்று வந்தால், சுவரே சுமை தாங்கும்படிக் கட்டி, அடிமட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் தளமட்டத்திலும் கம்பியிட்ட பட்டை ஓட்டினால் போதும். தூணுக்கும் உத்திரத்துக்கும் போகும் கான்கிரீட்டும் கம்பியும் அப்படியே மிஞ்சும். பொறியாளர் ஒருவரிடம் கையெழுத்தோடு வரைபடம் வாங்காமல் இதைச் செய்யக் கூடாது.

சுண்ணாம்பு நம் பழைய பொருள். சுட்ட சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது என்பது அதன் சிறப்பு. ஆனால் அது கம்பியைக் காக்காது, விரைவாக வலுப்பெறாது. ஆகவே கம்பியிட்ட தளத்துக்கு ஆகாது. உட்சுவர்ப் பூச்சுக்கும், மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய், வெல்லத் தண்ணீர் விட்டுக் கலந்து கட்டையால் அடித்து மேலே தட்டோடு பதிக்கும் தளத்துக்கும் இன்றும் அதற்கு நிகர் இல்லை. சிமெண்ட் பூச்சைப் போல் வெடித்துக் கிடக்காது. ஈரம் வந்தாலும் மூச்சு விடும். அடிக்கத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் அரிது. கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, நான் நேரில் கண்டது ஒன்று. கடற்கரையை ஒட்டிய ஓர் ஊரில், கட்டிப் பதினாறு ஆண்டே ஆன வீட்டின் சன்ஷேடைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். அடியில் கம்பி ஓடும் வரிசையில் நீளமாக ஒரு விரிசல். சிறு சுத்தியலால் தட்டியபோது காலிப் பானையைத் தட்டினால் வருவது போல் ஓசை வந்தது. இரண்டாம் தட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. உள்ளே 8 மில்லிமீட்டர் கம்பி துருவேறி அடுக்கடுக்காக உரிந்தது. பெயர்ந்த துண்டின் கனத்தை அளந்தேன்: 12 மில்லிமீட்டர். கம்பியை அச்சுப் பலகையிலிருந்து விலக்கி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லியை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டின் முன்புறம் முழுவதையும் இடித்து மீண்டும் வார்த்தார்கள், அதாவது அதே சன்ஷேடுக்கு இரண்டு முறை சிமெண்ட் செலவாயிற்று. அறுபது ஆண்டு நிற்க வேண்டியது பதினாறில் விழுந்தால், எந்தப் பசுமைச் சிமெண்ட்டும் அந்தக் கணக்கை நேர் செய்யாது.

கடற்காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டை ஐஎஸ் 456 கடுமையான சூழல் என்று வகைப்படுத்துகிறது. அதற்குக் குறைந்தது எம்30 தரம் (எண் கூடினால் வலிமை கூடும்), தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேற்படாமை, கம்பிக்கு 45 மில்லிமீட்டர் மறைப்பு ஆகியவை வேண்டும். நம் கடலோர வீடுகளில் பெரும்பாலானவை எம்20-இல், 20 மில்லிமீட்டர் மறைப்பில் எழுகின்றன. எம்30-க்குச் சிமெண்ட் சற்றுக் கூடும் என்பது உண்மையே. ஆனால் பில்லரையும் சுவர்ச் சிமெண்ட்டையும் குறைத்த இடத்தில் மிஞ்சியதை இங்கே செலவிடுவதுதான் நியாயம்.

ஆகவே ஒப்பந்தம் எழுதும்போது இவற்றைத் தனித்தனியே குறிப்பிடச் சொல்லுங்கள்: சிமெண்ட்டின் வகை, கான்கிரீட்டின் தரம், ஒரு மூட்டைக்கு அதிகபட்சம் 22 லிட்டர் தண்ணீர் என்ற அளவு, மணலில் ஈரமிருந்தால் அதையும் கழித்துக்கொள்ளுதல், கவர் பிளாக்கின் கனம், 14 நாள் ஈரம் காத்தல், ஒவ்வொரு தளம் போடும் நாளிலும் ஆறு சோதனைக் கட்டிகள் வார்த்து மூன்றை ஏழாம் நாளும் மூன்றை 28-ஆம் நாளும் சோதித்தல். மேஸ்திரிக்கு ஈரம் காக்கும் நாள்களுக்கான கூலியையும் அதிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள். அது எழுதப்படாததால்தான் பல வீடுகளில் மூன்றாம் நாளோடு தண்ணீர் நின்றுபோகிறது. மண் புட்டிச் சோதனையை இந்த வாரமே செய்து, பட்டைகளின் உயரத்தை அளந்து எழுதுங்கள். சுவருக்கு எந்தக் கல் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.